‘வரி கட்டினால்தான் பணத்தை எடுக்க முடியும்’ என்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. மணமுறிவு ஆகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன்பு துணை தேடும் செயலி ஒன்றில் ஒருவர் அறிமுகமானார். கப்பலில் பொறியாளர் என்றார். மூன்றாம் நாளே வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார். அன்றிலிருந்து காலை எழுந்தது முதல் தூங்கும்வரை பேச்சுதான். இரண்டு முறை வீடியோவிலும் வந்தார். இரண்டாம் மாதம், தான் கிரிப்டோவில் சம்பாதிப்பதாகச் சொல்லி எனக்கும் கற்றுக்கொடுத்தார். அவர் அனுப்பிய இணைப்பில் செயலியை இறக்கி, பாஸ்போர்ட் நகல் கொடுத்துப் பதிவு செய்தேன். முதலில் போட்ட சிறு தொகையை லாபத்தோடு எடுக்க முடிந்தது. பிறகு சேமிப்பையும், ஒரு கடனையும் சேர்த்துப் போட்டேன். இப்போது கணக்கில் மூன்று மடங்கு காட்டுகிறது. எடுக்கப் போனால் 20 சதவீத வரியை முன்பணமாகக் கட்டச் சொல்கிறார்கள். பாதியைத் தானே போடுவதாக அவர் சொல்கிறார். நடுவில் ஒருமுறை அவருடைய நண்பரின் பணம் என்று என் வங்கிக் கணக்குக்கு ஒரு தொகை வந்தது. அவர் சொன்ன வேறொரு கணக்குக்கு அதை அனுப்பிவைத்தேன். அண்ணன் இதையெல்லாம் மோசடி என்று கத்தியதில் அவரோடு பேச்சே நின்றுவிட்டது. ஏமாற்றுக்காரர் என்றால் நான்கு மாதம் தினமும் ஒருத்தியோடு பேசிக்கொண்டு இருப்பாரா? வரி கட்டினால் பணம் வருமா? எதை வைத்து உறுதியாகத் தெரிந்துகொள்வது? மோசடி என்றே ஆகட்டும், கடைசியாக ஒரு கேள்வியாவது அவரிடம் கேட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வரியைக் கட்டாதீர்கள். பாதியும் வேண்டாம், தவணையாகவும் வேண்டாம். அந்தப் பணம் போனால் போனதுதான். அதன்பிறகு வேறொரு பெயரில் அடுத்த கட்டணம் வரும்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் இது சுலபமாகப் புரியும். முதலீட்டு லாபத்துக்கான வரியை நீங்களே கணக்குக் காட்டி அரசுக்குக் கட்டுவீர்கள். இல்லையென்றால் நிறுவனம் லாபத்தில் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். கணக்கில் மூன்று மடங்கு பணம் கிடக்கும்போது, வெளியிலிருந்து புதுப் பணம் கொண்டுவந்து கட்டு என்று எந்த முறையான நிறுவனமும் கேட்காது. ‘வரியை என் இருப்பிலேயே கழித்துக்கொண்டு மீதியைத் தாருங்கள்’ என்று வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் பேசுகிறவரிடம் கேட்டால், கணினி அதற்கு இடம் கொடுக்காது, விதிப்படி தனியாகத்தான் செலுத்த வேண்டும் என்பார். கழிக்க முடியாததற்குக் காரணம், கழிப்பதற்கு அங்கே பணமே இல்லை. வரி கட்டியவர்களிடம் அடுத்ததாகப் பணமோசடித் தடுப்புக்கான வைப்புத்தொகை கேட்பார்கள். பிறகு முடக்கம் நீக்கும் கட்டணம், கெடு தாண்டியதற்கு அபராதம். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று தெரியும்வரை இது ஓடும். அவர் பாதியைப் போடுவதாகச் சொல்வதும் இதே திரையில் நடக்கும் வேலைதான். அவர் பங்கு ஏறிவிட்டதாக ஓர் எண் தெரியும். அவருக்குச் செலவு ஒன்றுமில்லை. அவரே பாதி கொடுக்கும்போது நாம் மீதியைக் கொடுக்காமல் இருப்பதா என்ற கூச்சம் உங்களுக்கு வரும், அதற்காகத்தான் அந்தப் பாதி.

முதலில் லாபத்தோடு எடுக்க முடிந்ததே என்பதுதான் உங்கள் நம்பிக்கையின் அச்சாணி. அது தூண்டில் புழு. நீங்கள் போட்டதிலிருந்தே ஒரு துண்டையோ, உங்களுக்கு முன்னால் ஏமாந்த ஒருவரின் பணத்தையோ எடுத்துத் தந்திருப்பார்கள். சிறு தொகையை எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய தொகையைப் போடுவது நிதானமானவர்கள் செய்கிற சோதனை. அது தெரிந்துதான் அந்தச் சோதனையில் தேறும்படியே இதை அமைத்திருக்கிறார்கள். செயலியில் ஏறி இறங்கும் வரைபடம் உண்மையான சந்தை விலையைக் காட்டக்கூடும், அதை யாரும் எடுத்து ஒட்டலாம். உங்கள் பெயருக்குக் கீழே உள்ள இருப்புத்தொகை மட்டும் மறுமுனையில் இருப்பவர் உள்ளிட்டது.

இனி, நான்கு மாதம் ஒருவர் நேரத்தை வீணடிப்பாரா என்ற கேள்வி. ஒருவர் இல்லை. இது சம்பளத்துக்கும், பல இடங்களில் சம்பளமே இல்லாமல் அடிமைத்தனத்திலும் நடக்கிற வேலை. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேரும் இணைய மோசடிகளைச் செய்யும்படி கட்டாயப்படுத்தப்படும் நிலையில் இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நல்ல வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போய், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, அடிக்கும் மிரட்டலுக்கும் நடுவே தட்டச்சு செய்பவர்கள் பலர் அங்கே உண்டு. ஒரு கணக்கைப் பல கைகள் நடத்தும். முதல் வாரத்துக்கு ஒரு கையேடு, சோகக் கதைக்கு ஒரு கையேடு, பணப் பேச்சைத் தொடங்க ஒன்று. ஒரே ஆள் ஒரே நேரத்தில் பலரோடு பேசுவார். உங்களுக்கு நான்கு மாதமாகத் தெரிந்தது அவர்களுக்குப் பல வரிசைகளில் ஒன்று. அமெரிக்காவில் மட்டும் 2022-ல் ஏறத்தாழ 70,000 பேர் காதல் மோசடிப் புகார் கொடுத்து 130 கோடி டாலர் இழந்ததாகச் சொன்னார்கள் என்று அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் கணக்கிட்டது. இதில் பாதிக்கப்படுகிறவர்கள் படிக்காதவர்கள், பேராசைக்காரர்கள் என்ற பேச்சு வெறும் கட்டுக்கதை. மாதக்கணக்கில் காத்திருந்து செய்கிற வேலையின் முன்னால் படிப்பு பெரிய தடுப்பு இல்லை.

எதை வைத்து உறுதி செய்வது? பலரும் ஆளைத் துருவுவதில் இறங்குவார்கள். அதைச் செய்யலாம், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். அவர் அனுப்பிய படங்களில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, படத்தை வைத்தே தேடித்தரும் கூகுள் லென்ஸ், டின்ஐ இரண்டிலும் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் படத்தை இடவலமாகத் திருப்பி மறுபடி தேடுங்கள். தேடலில் சிக்காமல் இருக்கவே படத்தைத் திருப்பி அனுப்புவது வழக்கம். வேறொரு பெயரில் அதே முகம் கிடைத்தால் விஷயம் முடிந்தது. எதுவும் கிடைக்காவிட்டால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. படம் யாருடைய பூட்டிய பக்கத்திலிருந்தும் திருடப்பட்டிருக்கலாம், செயற்கை நுண்ணறிவு வரைந்ததாகவும் இருக்கலாம்.

வீடியோ அழைப்பும் அப்படித்தான். பேசுகிறவரின் முகத்தின் மேல் இன்னொரு முகத்தை அப்போதைக்கு அப்போதே பொருத்தும் மென்பொருள்கள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் ஹாங்காங் காவல்துறை இப்படி வீடியோ அழைப்புகளில் போலி முகங்களைக் காட்டிக் காதல் மோசடி செய்த கும்பலில் 27 பேரைக் கைது செய்ததாக அறிவித்தது. மென்பொருளே தேவையில்லாத வழியும் உண்டு. படத்தில் இருக்கும் அதே முகத்துக்காகவே ஆளைக் கூலிக்கு வைத்து, அழைப்பு வரும்போது மட்டும் கேமரா முன் உட்காரவைப்பார்கள். முகத்தின் குறுக்கே மெதுவாகக் கையைக் கொண்டுபோகச் சொல்வது, முழுமையாகப் பக்கவாட்டில் திரும்பச் சொல்வது போன்ற சோதனைகளைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். விரல் ஓரத்தில் முகம் கலங்கினால், காது கழன்று மிதந்தால் போலி என்று எடுத்துக்கொள்ளலாம். கலங்காமல் இருந்தால் உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டே அழைப்புகள், இரண்டும் சில நிமிடங்கள், கப்பலில் சிக்னல் இல்லை என்ற சாக்கு. இவை உங்கள் அனுபவத்திலும் இருந்தால் வியப்பில்லை. கப்பல், எண்ணெய்க் கிணறு, ராணுவ முகாம், தொலைவில் பணிபுரியும் மருத்துவர் என்ற வேலைகளே திரும்பத் திரும்ப வருவதற்கும் காரணம் இதுதான். நேரில் வர முடியாது, அழைப்பு துண்டிக்கும், கையில் பணம் இருந்தும் எடுக்க முடியாது. இந்த மூன்றுக்கும் ஒரே வேலை பதில் சொல்லிவிடுகிறது.

எங்கள் பார்வையில் ஆளை நிரூபிக்கும் முயற்சியை விட்டுவிட்டுப் பணத்தின் வழியைப் பார்ப்பதே மேல். அவர் யார் என்பதை அவர் மறைக்க முடியும். பணம் எங்கே போகிறது என்பதை உங்களிடம் மறைக்க முடியாது, அனுப்பியது நீங்கள். இதுவரை அனுப்பிய ஒவ்வொன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: தேதி, தொகை, பெற்றவரின் பெயர் அல்லது கிரிப்டோ முகவரி. நிறுவனத்துக்குப் பணம் போட்டதாக நினைத்திருப்பீர்கள். தாளில் இருப்பதோ ஒவ்வொரு முறையும் வேறு வேறு தனிமனிதர்களின் வங்கிக் கணக்காகவோ, வேறு வேறு முகவரிகளாகவோ இருக்கும். அடுத்து அந்த நிறுவனத்தின் பெயரை உங்கள் நாட்டின் நிதிச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமப் பட்டியலிலும் எச்சரிக்கைப் பட்டியலிலும் தேடுங்கள். அந்த அமைப்பின் தளத்துக்கு நீங்களே முகவரி தட்டச்சு செய்து போக வேண்டும், அவர் தரும் இணைப்பில் போகக் கூடாது. புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வைத்திருப்பார்கள் என்பதால் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இணையதள முகவரி எந்த நாளில் பதிவானது என்பதை ‘ஹூஇஸ்’ தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். பத்தாண்டுப் பாரம்பரியம் என்று பீற்றிக்கொள்ளும் தளம் ஐந்து மாதத்துக்கு முன்பு பதிவாகியிருந்தால் வேறு சான்று வேண்டாம். செயலி வழக்கமான செயலிக் கடையிலிருந்து வராமல் இணைப்பு வழியாகவோ, டெஸ்ட்ஃபிளைட் போன்ற சோதனை வழியாகவோ வந்ததும் அதே பக்கம்தான் கைகாட்டுகிறது.

இன்னொரு சான்று உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. அந்த உரையாடலின் தேடல் பெட்டியில் வீடு, சம்பளம், கடன், வங்கி, சொல்லாதே என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுத் தேடுங்கள். எது எந்தத் தேதியில் வந்தது என்று குறியுங்கள். பொதுவாக இப்படி அமையும்: இரண்டாம் வாரத்தில், பேச்சுவாக்கில், ‘சொந்த வீடா, வாடகையா?’ அதற்கு அடுத்த நாள், ‘தனியாகச் சமாளிக்கிறாயே, யாராவது துணைக்கு இருக்கிறார்களா?’ அப்போது அது அக்கறையாகத் தெரியும். ஒன்பதாம் வாரத்தில், ‘வீடு சும்மாதானே இருக்கிறது, அதை வைத்துக் கடன் எடுத்தால் மூன்றே மாதத்தில் அடைத்துவிடலாம்.’ முதலில் கேட்ட கேள்வி பின்னால் எங்கே வந்து உட்கார்ந்தது என்று கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். கடன் எடுக்கும் யோசனை உங்களுடையதா, அவருடையதா என்பதும் தெரிந்துவிடும். ‘வங்கியில் கேட்டால் வீட்டு வேலைக்கு என்று சொல், முதலீடு என்றால் தேவையில்லாமல் இழுத்தடிப்பார்கள்’ என்பது போல ஒரு வரி அகப்பட்டால் அங்கேயே தேடலை நிறுத்தலாம். உங்கள் பணத்தைக் காப்பாற்றக் கேள்வி கேட்கிற ஒரே ஆளிடம் பொய் சொல்லச் சொல்பவர் உங்கள் பக்கத்து ஆள் இல்லை.

நடையிலும் தடயம் இருக்கும். தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்ததாகச் சொல்கிறவர் ‘நீ உணவு உட்கொண்டாயா, உனது நாள் எவ்வாறு சென்றது’ என்று எழுதினால் நடுவில் மொழிபெயர்ப்புக் கருவி இருக்கிறது. காலையில் ஒரு நடை, இரவில் வேறு நடை, போன வாரம் நீங்கள் சொன்ன முக்கியமான செய்தி நினைவில்லாமல் இருப்பது, இவை ஆள் மாறியதன் அடையாளம். பேச்சுத் தமிழையே எழுதித்தரும் கருவிகளும் வந்துவிட்டதால் நடை சரியாக இருக்கிறது என்பதை மட்டும் நற்சான்றாகக் கொள்ளாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. வரிசை முக்கியம்.

அவரிடம் எதையும் காட்டிக்கொள்ளாதீர்கள். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு வரி போட்டாலும் மறுபக்கம் தடயத்தை அழிக்கத் தொடங்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லாருக்குமாக அழிக்க இரண்டு நாட்களுக்குச் சற்று அதிகமாகத்தான் அவகாசம் உண்டு. டெலிகிராமில் ஒருவர் நினைத்தால் முழு உரையாடலையும் இரு பக்கமும் எந்த நேரத்திலும் அழித்துவிடலாம். ஆகவே டெலிகிராமில் பேசியிருந்தால் அதை முதலில் திரைப்பதிவு செய்யுங்கள். தானாக மறையும் செய்தி அமைப்பு போடப்பட்டிருந்தால் இன்றே படம் பிடியுங்கள். வாட்ஸ்அப்பில் உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதியைப் பயன்படுத்தி, படங்களோடு சேர்த்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். நாட்டுக் குறியீட்டோடு அவருடைய எண், துணை தேடும் செயலியில் அவருடைய பக்கத்தின் முகவரி, முதலீட்டுத் தளத்தின் முழு முகவரி, வங்கிப் பரிமாற்ற எண்கள் எல்லாம் வேண்டும். பக்கத்தின் பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள், முகவரிதான் உதவும். கிரிப்டோவாக அனுப்பியிருந்தால் பெறுநர் முகவரியும், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உரிய ஹேஷ் என்ற நீண்ட எழுத்துச் சரமும் முக்கியம். அவற்றைக் கையால் எழுதாமல் அப்படியே நகலெடுங்கள், ஓர் எழுத்து பிசகினாலும் பயன்படாது. இந்த வேலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது வங்கி. கிளைக்குப் போகும்வரை காத்திருக்காமல் மோசடிப் புகாருக்கான எண்ணை அழையுங்கள். அட்டையின் பின்புறமோ வங்கியின் சொந்தச் செயலியிலோ உள்ள எண்ணைப் பயன்படுத்துங்கள். தேடலில் முதலில் வரும் ‘சேவை எண்’ வேறொரு மோசடியாக இருக்கக்கூடும். ‘மோசடியில் ஏமாற்றப்பட்டு நானே அனுப்பினேன், பணத்தைத் திரும்ப அழைக்கவும் பெறுநர் கணக்கை முடக்கவும் கோருகிறேன்’ என்று தெளிவாகச் சொல்லிப் புகார் எண்ணை வாங்குங்கள். நான் அனுப்பவே இல்லை, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று மாற்றிச் சொன்னால் பதிவுகளில் பொய் வெளிப்பட்டு நீங்களே சந்தேகத்துக்கு ஆளாவீர்கள். இப்படிப்பட்ட பணம் சில மணி நேரத்திலேயே நான்கைந்து கணக்குகள் தாவிவிடும். அதனால் நேற்று அனுப்பியதற்கு இருக்கும் வாய்ப்பு இரண்டு மாதத்துக்கு முன் அனுப்பியதற்கு இல்லை. ஆனாலும் பழையதையும் சேர்த்தே சொல்லுங்கள், அந்தக் கணக்கு வேறொருவரிடம் இன்னும் பணம் பெற்றுக்கொண்டிருக்கலாம். கடன் அட்டையில் போயிருந்தால் தனியாகப் பரிமாற்ற மறுப்பு மனு கொடுக்க வேண்டும், அதற்குக் கெடு உண்டு. கிரிப்டோவை எந்தப் பரிமாற்றகத்தில் வாங்கினீர்களோ அவர்களுக்கும் ஹேஷோடு எழுதுங்கள். அங்கே மீட்பது கடினம், அடியோடு முடியாதது இல்லை. தென்கிழக்கு ஆசியாவின் ஆட்கடத்தல், காதல் மோசடிக் கும்பலோடு தொடர்புடைய சுமார் 22.5 கோடி டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தை, அதை வெளியிடும் டெதர் நிறுவனம் 2023 நவம்பரில் முடக்கியது. புகாரில் முகவரியும் ஹேஷும் சரியாக இருந்தால்தான் இப்படி ஒரு முடக்கம் நடக்கும்போது உங்கள் பணத்தை அதோடு பொருத்திக் காட்ட முடியும்.

அதே நாளில் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் பதியுங்கள். பல நாடுகளில் இதற்கென்று தனி எண்ணும் தளமும் இருக்கின்றன. கதையாக எழுத வேண்டாம். முதல் பக்கத்தில் நீங்கள் தயாரித்த தேதி, தொகை, பெறுநர் பட்டியல். அதன்பின் அரைப் பக்கத்தில் நடந்தது. மீதியெல்லாம் இணைப்பு.

உங்கள் கடிதத்தில் எங்களை அதிகம் கவலைப்பட வைத்தது வரியோ கடனோ இல்லை, நண்பரின் பணம் என்று வந்து உங்கள் கணக்கு வழியாகப் போன அந்தத் தொகைதான். அது பெரும்பாலும் உங்களைப் போல ஏமாந்த இன்னொருவருடைய பணம். அவர் புகார் கொடுத்தால் பணம் முதலில் போன இடம் என்று உங்கள் கணக்குதான் நிற்கும். தெரியாமல் செய்தேன் என்பது உண்மையாக இருந்தாலும், காவல்துறை தேடி வரும்வரை காத்திருந்து சொல்வதற்கும் நீங்களாகப் போய்ச் சொல்வதற்கும் வித்தியாசம் பெரிது. வங்கியிடமும் காவல்துறையிடமும் இதை மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் புகாருக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். இனி இப்படி ஏதாவது வந்தால் தொடாதீர்கள். அனுப்பியவருக்கே நீங்களாகத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். வங்கியிடம் சொல்லி அவர்கள் வழியாகவே திரும்பட்டும்.

பிறகு கைப்பேசி. சான்றுகளை எடுத்து முடித்ததும் அந்தச் செயலியை நீக்குங்கள். ஐபோனில் அமைப்புகள், பொது என்ற பகுதிக்குள் போய் விபிஎன் மற்றும் சாதன மேலாண்மை என்ற இடத்தில் நீங்கள் அறியாத சுயவிவரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை அனுமதி எந்தெந்தச் செயலிகளுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், திரையைப் படிக்கும் அதிகாரம் அதில்தான் கிடைக்கிறது. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற திரைப் பகிர்வுச் செயலியை அவர் சொல்லி நிறுவியிருந்தால் அதையும் எடுத்துவிட்டு, வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். மின்னஞ்சல் முதலில், வங்கி அடுத்து. சொந்தக் கிரிப்டோ பணப்பையை அந்தத் தளத்தோடு இணைத்திருந்தால் கடவுச்சொல் மாற்றுவது போதாது. பணப்பையிலிருந்து எடுத்துக்கொள்ள அந்தத் தளத்துக்கு நீங்கள் கொடுத்த செலவு அனுமதி பணப்பையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். புதிய மீட்புச் சொற்களோடு (பணப்பையைத் திறக்கும் சாவியான சொல் வரிசை) புதுப் பணப்பை தொடங்கி, மிஞ்சியதை அதற்கு மாற்றுங்கள். பாஸ்போர்ட் நகல் போயிருப்பதால் உங்கள் பெயரில் யாராவது கடன் எடுக்கிறார்களா என்று கடன் தகவல் அறிக்கையை அடுத்த ஓராண்டுக்கு அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தரங்கப் படங்கள் எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. ஒருவேளை அனுப்பியிருந்தால், மிரட்டல் வரும்போது பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தவரைத்தான் திரும்ப மிரட்டுவார்கள். ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவை, படத்தை எங்கும் பதிவேற்றாமல் உங்கள் சாதனத்திலேயே அதன் எண் அடையாளத்தை மட்டும் உருவாக்கி, அதில் சேர்ந்துள்ள சமூக வலைதளங்களுக்கு அனுப்புகிறது. அந்தத் தளங்களில் அப்படம் பரவுவதைத் தடுக்க அது உதவும்.

இனி வரப்போவதையும் இப்போதே சொல்லிவைக்கிறோம். சில வாரங்களில் ‘இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம்’ என்று ஒரு வழக்கறிஞரோ, ஹேக்கரோ, சர்வதேசக் காவல் அதிகாரியோ உங்களைத் தொடர்புகொள்வார். நீங்கள் இழந்த தொகை துல்லியமாகத் தெரிந்திருப்பதால் நம்பத் தோன்றும். ஏமாந்தவர்களின் பட்டியலை இவர்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்வதால் அது தெரிகிறது. மீட்பதற்கு முன்பணம் கேட்கிற எவரும் அடுத்த சுற்று மோசடிக்காரர்தான். இன்னொரு வரவும் உண்டு. அதே ஆள் புது எண்ணிலிருந்து அழுதுகொண்டு வருவார். ‘ஆமாம், ஏமாற்றத்தான் தொடங்கினேன், என்னைக் கட்டாயப்படுத்தினார்கள், ஆனால் உன்மேல் வந்த அன்பு உண்மை’ என்பார். பாதி உண்மை கலந்திருப்பதால் முதல் பொய்யைவிட இது பலமாக இழுக்கும். கடைசியில் தப்பிக்க ஒரு தொகை கேட்பார்.

அண்ணனோடு பேசுங்கள், தொகை முழுவதையும் சொல்லிப் பேசுங்கள். பாதியைச் சொல்லி மீதியை மறைத்தால் அந்த மீதிக்காகத் தனியாகத் தவிப்பீர்கள், அப்போதுதான் வரியைக் கட்டிப் பார்ப்போமா என்று கை போகும். இதை அண்ணனும் படிப்பார் என்றால் அவருக்கு ஒரு வார்த்தை: நான் அப்போதே சொன்னேனே என்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். குடும்பத்துக்கு நம்மேல் பொறாமை, நம்மைப் பிரிக்கப் பார்ப்பார்கள் என்று எதிர்த்தரப்பு முன்கூட்டியே ஓதியிருக்கும். நீங்கள் கத்தினால் அவர் சொன்னது பலித்தது போலாகிவிடும். வங்கிக்கு அழைக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள், பட்டியலைச் சரிபாருங்கள்.

முதலீடு இல்லாத வடிவங்களும் இருக்கின்றன. பரிசுப் பொட்டலம் சுங்கத்தில் சிக்கிக்கொண்டது, திடீர் அறுவைச் சிகிச்சை, உன்னைப் பார்க்க வர விமானச் சீட்டு, பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணைப் படித்துச் சொல் என்பவை. சாக்குதான் வேறு. பணம் திரும்ப வராத வழியில், அவசரமாக, யாருக்கும் சொல்லாமல் போக வேண்டும் என்ற மூன்றும் எல்லாவற்றிலும் இருக்கும்.

மறுபடி ஒருவரோடு பழகத் தோன்றும்போது, நேரில் பார்க்கும்வரை அந்தச் செயலிக்குள்ளேயே பேசுங்கள். மோசடிக் கணக்கு என்று தெரிந்து ஒரு கணக்கை நீக்கும்போது, அதோடு பேசியவர்களை எச்சரிக்கும் செயலிகள் உண்டு. வெளியே போய்விட்டால் அந்த எச்சரிக்கை உங்களைத் தேடி வராது, வேறு இடத்துக்கு அவசரமாக அழைப்பதன் காரணமும் அதுதான். ஒரு மாதத்துக்குள் பொது இடத்தில் சந்திக்க வழியில்லாத ஆளிடம் நெருக்கத்தை வளர்க்காதீர்கள். பண விஷயம் எந்தத் திசையிலும் வேண்டாம், வாங்குவதும் அதில் அடங்கும். சந்தேகமாக இருந்தால், ‘இரண்டு வாரத்துக்கு எந்தப் பண விஷயமும் பேசமாட்டேன், வீட்டில் கலந்துகொண்டுதான் முடிவெடுப்பேன்’ என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். உண்மையானவர் சரி என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார். மற்றவர் முதல் நாள் கோபப்படுவார், இரண்டாம் நாள் அழுவார், மூன்றாம் நாள் வாய்ப்பு இன்றோடு முடிகிறது என்பார்.

கடைசிக் கேள்வியை அவரிடம் கேட்க வேண்டாம். நீங்கள் எதிர்பார்க்கும் பதில் அந்த எண்ணில் இல்லை, எழுதப்போவது யாரென்றே தெரியாது. இன்னும் பேச மனம் இருக்கிறது என்ற தகவல் மட்டும் அவர்களுக்குப் போகும். வங்கியில் சொல்லி, புகார் எண் கைக்கு வந்ததும், உரையாடல் தேவைப்படுமா என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் நகலெடுத்தாகிவிட்டது என்றால் துணை தேடும் செயலியில் அந்தக் கணக்கைப் பற்றி முதலில் முறையிடுங்கள், பிறகு வாட்ஸ்அப்பில் முறையிட்டுவிட்டு எண்ணைத் தடைசெய்யுங்கள். உரையாடலை அழிக்காமல் காப்பகத்தில் போட்டுவையுங்கள், வழக்கு நகர்ந்தால் மூலப் பிரதியைக் கேட்பார்கள். கைப்பேசியை மாற்றுவதாக இருந்தால் அதற்கு முன் காப்பு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.